சேஷாசலத்து அருவிக்குப் புறப்படும் முன்

திருப்பதி செல்லும் அன்பர்களில் பெரும்பாலோர் மலையேறி வேங்கடவனைச் சேவித்து, திருச்சானூரில் தாயாரை வணங்கி ஊர் திரும்பிவிடுகின்றனர். அதே சேஷாசல மலைத்தொடரின் உட்புறத்தில், திருப்பதி நகரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், அடர்ந்த வனத்தின் நடுவே 270 அடி உயரத்திலிருந்து ஓர் அருவி விழுகிறது. தலகோனா என்பது அதன் பெயர். அருவிக்குச் செல்லும் வழியில் சித்தேஸ்வர சுவாமி கோயில் கொண்டிருக்கிறார்.

பேரன் கைபேசியில் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, 'ஒருமுறை அங்கே நீராட வேண்டும்' என்று வீட்டுப் பெரியவர் விருப்பம் தெரிவிப்பது இன்று பல குடும்பங்களில் நிகழ்கிறது. அந்த விருப்பம் பெரும்பாலும் இரண்டு விதங்களில் முடிகிறது. 'இந்த வயதில் காடு எதற்கு?' என்று பிள்ளைகள் பேச்சை முடித்துவிடுகின்றனர். அல்லது, அழைத்துச் செல்ல மாட்டார்களோ என்ற அச்சத்தால் பெரியவர் தமது முழங்கால் வலியையும் மூச்சிரைப்பையும் மறைத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார். முன்னதில் ஒரு நியாயமான ஆசை விசாரணையின்றித் தள்ளுபடியாகிறது. பின்னதில் குடும்பம் முழுவதும் நடுக்காட்டில் ஆபத்தைச் சந்திக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. எதுவரை செல்வது, எங்கே நிற்பது என்பதைப் புறப்படும் முன்பே வீட்டிலுள்ளோர் அனைவரும் கூடிப் பேசித் தீர்மானித்துக்கொள்வதே அது.

தலையாய கோனை

தெலுங்கில் 'தல' என்பது தலையையும், 'கோன' என்பது மலையிடைப் பள்ளத்தாக்கையும் குறிக்கும். ஆதிசேஷனே மலைத்தொடராகக் கிடக்கிறான் என்பதும், அவனது படத்தின்மீது திருமலையும், உடலின்மீது அகோபிலமும், வாலின்மீது ஸ்ரீசைலமும் அமைந்துள்ளன என்பதும் வழிவழி வந்த நம்பிக்கை. அந்தத் தலைப்பகுதியைச் சேர்ந்த பள்ளத்தாக்கு என்பதாலேயே தலகோனா என்ற பெயர் அமைந்ததாக அங்குள்ளோர் கூறுவர்.

புராணம் இவ்வாறிருக்க, நிலநூல் கூறுவதும் வியப்பூட்டுவதே. சேஷாசலத்தின் செங்குத்துப் பாறைகள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடையவை. மணல் இறுகிக் கெட்டிப்பட்டு உருவான குவார்ட்சைட் என்னும் பாறை வகை அது. எளிதில் தேயாத அந்தப் பாறையின் விளிம்பிலிருந்து நீர் நேர்க்குத்தாக விழுவதால்தான் அருவி அமைகிறது. அதே பாறை நனைந்து பாசி படர்ந்தால் எண்ணெய் தடவிய தளம்போல் வழுக்கும். கண்ணுக்கு விருந்தாகும் அழகும் காலுக்கு நேரும் ஆபத்தும் ஒரே பாறையிலிருந்து பிறக்கின்றன.

இப்பகுதி 1989ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் அடங்கியது. அதன் பரப்பு 353 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2010ஆம் ஆண்டு சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. எனவே தலகோனாவுக்குச் செல்வோர் மற்றச் சுற்றுலா இடங்களைப்போல் அதனைக் கருதுதல் ஆகாது. அது வனவிலங்குகளின் இல்லம்; மனிதர் அங்கே விருந்தினர்.

எந்த மாதம் உகந்தது?

திருமலை வனத்திலுள்ள தீர்த்தங்களுக்குப் பெரியோர் வகுத்த நாள்களைக் கவனித்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். இராமகிருஷ்ண தீர்த்தத்திற்குத் தைப் பௌர்ணமி. குமாரதாரா தீர்த்தத்திற்கு மாசிப் பௌர்ணமி. தும்புரு தீர்த்தத்திற்குப் பங்குனிப் பௌர்ணமி. அந்நாள்களில் 'முக்கோடி' என்ற பெயரால் அடியார்கள் திரளாகச் சென்று நீராடுவர். தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம் என்று நாம் அறிந்த புண்ணிய நாள்களே அவை.

அந்த ஏற்பாட்டில் ஆன்மிகப் பொருளோடு நடைமுறை அறிவும் பொதிந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழை தையில் ஓய்ந்திருக்கும். சுனைகளில் நீர் நிறைந்திருக்கும், ஓடைகளில் வேகம் தணிந்திருக்கும், பாதை உலர்ந்திருக்கும். முழுநிலவு ஒளி தரும். ஒருவராகச் செல்லாமல் கூட்டமாகச் செல்வதால் துணையும் இருக்கும். காட்டுக்குள் நினைத்தபோது நுழையாதே, குறித்த நாளில் கூடிச் செல் என்பதே அதன் உட்கருத்தாகக் கொள்ளத்தக்கது. இக்காலத்திலும் இந்த முக்கோடி நாள்களில் இருதய நோய், ஆஸ்துமா, உடற்பருமன் உடையோர் மலைநடையைத் தவிர்க்குமாறு தேவஸ்தானம் அறிவுறுத்துவது வழக்கம்.

தலகோனாவுக்கும் இதே கணக்குப் பொருந்தும். பெருமழைக் காலத்தில் அருவி பொங்கி விழும். ஆனால் பாதையும் பாறையும் பாதுகாப்பற்றவை. கோடையில் நீர் மெலிந்துவிடும், வெயிலும் கடுமை. மார்கழியின் பிற்பகுதி முதல் மாசி வரையுள்ள நாள்களே முதியோருக்கு ஏற்றவை. மகா சிவராத்திரியன்று சித்தேஸ்வரர் கோயிலில் பெருங்கூட்டம் கூடும். கூட்ட நெரிசல் ஒவ்வாதோர் அந்நாளைத் தவிர்த்து, வார நாள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நலம். புறப்படுவதற்கு முந்தைய இரண்டு நாள்களில் திருப்பதி வட்டாரத்தில் கனமழை பெய்திருந்தால் பயணத்தை ஒத்திவைப்பதில் தயக்கம் கூடாது.

மழையின் வலிமையை 2021 நவம்பரில் திருப்பதி கண்டது. மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் நகருக்குள் புகுந்தது. ஸ்ரீவாரி மெட்டு நடைபாதை சிதைந்தது. கபில தீர்த்தத்தில் மண்டபம் சேதமுற்றது. புண்ணிய தீர்த்தம் என்பதற்காக நீர் தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை.

வனத்தின் விதிகள்

தலகோனாவில் நுழைவு வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது. சோதனைச் சாவடியில் கட்டணம் செலுத்தி உள்ளே செல்ல வேண்டும். மழை, காட்டுத்தீ, விலங்கு நடமாட்டம் ஆகிய காரணங்களால் நுழைவு திடீரென நிறுத்தப்படலாம். எனவே, திருப்பதியில் தங்கும் இடத்திலேயே முதல் நாள் விசாரித்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். அங்கே வனத்துறை ஊழியர் 'இதற்கு மேல் இன்று அனுமதியில்லை' என்று கூறினால், வயதையோ நெடுந்தூரம் வந்ததையோ காட்டி வாதிடுவது முறையன்று. கருவறைக்கு முன்னுள்ள வாயிற்படியில் அர்ச்சகர் கைகாட்டி நிறுத்தினால் நிற்கிறோம் அல்லவா? அதே பணிவு இங்கும் வேண்டும்.

இந்த வனம் செம்மரத்தின் தாயகம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அம்மரம் இயற்கையாக வளர்வதில்லை. அதனைக் கடத்துவோரைத் தடுப்பதற்கென்றே தனிக் காவல் படை இயங்குகிறது. ஆதலால் பாதையை விட்டு விலகுவோர் எவராயினும் விசாரணைக்கு உள்ளாக நேரிடும். 'சாமி காட்டுப் பிரசாதம்' என்று எண்ணி ஒரு மரத்துண்டையோ மூலிகைச் செடியையோ பையில் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். பூசைக்கென்று மலர் பறிப்பதும் கூடாது. பிரசாதம் கோயிலில் கிடைக்கும். காட்டிலிருந்து கொண்டுவரத்தக்கது காட்சி ஒன்றே.

விலங்குகளைப் பற்றிய எச்சரிக்கையும் இன்றியமையாதது. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் சிறுத்தை தாக்கி ஒரு சிறுமி உயிரிழந்தாள். 2025 மகா சிவராத்திரியை ஒட்டி, அன்னமய்யா மாவட்டத்துக் குண்டாலகோனை வனத்தில் நடந்து சென்ற சிவனடியார்கள்மீது யானைக் கூட்டம் பாய்ந்ததில் சிலர் உயிரிழந்தனர். அவர்கள் இறங்கியது பக்தியால் உந்தப்பட்டே. ஆயினும் இருள் சூழ்ந்த வனப்பாதை பக்தரையும் பிறரையும் பிரித்தறிவதில்லை. பகல் வெளிச்சத்தில், அனுமதிக்கப்பட்ட பாதையில், கூட்டமாகச் செல்வது மட்டுமே காப்பு. குரங்குகள் மிகுதியான இடமாதலால் உணவுப் பொட்டலங்களைக் கையில் ஏந்திச் செல்லலாகாது.

உடலின் கையிருப்பு

காட்டுப் பயணத்தில் பணத்தைவிட உடல் வலிமையின் கையிருப்பே முதலில் கணக்கிடத்தக்கது. பலர் அதனை முழுவதும் போகும் வழியிலேயே செலவழித்துவிட்டுத் திரும்பும் வழிக்குக் கடன்படுகின்றனர். ஏறும்போது இருதயமும் மூச்சும் உழைக்கின்றன. இறங்கும்போது முழங்கால்கள் சுமை தாங்குகின்றன. மூட்டுத் தேய்மானம் உடையோருக்கு இறக்கமே கடினம். ஆகவே அருவியை அடையும்போது ஒருவரிடம் பாதிக்கு மேல் வலிமை எஞ்சியிருத்தல் வேண்டும்.

பயணத்திற்கு ஒரு மாதம் முன்பே அன்றாடம் நடக்கத் தொடங்குவது நல்லது. அரைமணி நேரம் நிற்காமல் நடக்கவும், மாடிப்படிகளைப் பலமுறை ஏறி இறங்கவும் இயல்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். மறுநாள் காலையில் முழங்கால் வீங்கினால், உடல் தனது விடையைக் கூறிவிட்டது என்று பொருள். மருத்துவரிடம் செல்லும்போது 'திருப்பதி போகிறேன்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'காட்டுப் பாதையில் படியேறி, அருவி நீரில் நிற்கப் போகிறேன்' என்று விளக்கிச் சொல்ல வேண்டும். அவ்விரண்டுக்கும் அவர் தரும் ஆலோசனை வேறாக இருக்கும்.

உயரத்திலிருந்து விழும் நீரில் தலையையோ பிடரியையோ நேராகக் கொடுப்பது கழுத்தெலும்புத் தேய்மானம் உடையோருக்குக் கேடு. குளிர்ந்த நீர் திடீரென உடலில் பட்டால் இரத்த அழுத்தம் உயரும். முதலில் பாதம், பிறகு கை, முகம் என்று படிப்படியாகவே நனைக்க வேண்டும். அருவியின் கீழுள்ள குட்டைகளின் ஆழம் மேலிருந்து பார்ப்போருக்குத் தெரியாது. நீருக்கடியில் பாறை இடுக்குகள் உண்டு. இளைஞர்களும் அங்கே உயிரிழந்திருக்கின்றனர். பேரப்பிள்ளைகளைத் தடுக்கும் பொறுப்பும் பெரியவர்களுக்கு உண்டு.

எடுத்துச் செல்ல வேண்டியவை சிலவே. வழுக்காத அடிப்பாகமுடைய காலணி, ஊன்றுகோல், குடிநீர், இரண்டு நாளைக்கான மாத்திரைகள், மருத்துவச் சீட்டின் நகல், நீரிழிவு உடையோருக்குச் சிறிது வெல்லம் அல்லது இனிப்பு, மாற்றுடை ஆகியவை போதும். சோப்பும் எண்ணெயும் சிகைக்காயும் தங்கும் அறையிலேயே இருக்கட்டும். காட்டுக்குள் கைபேசித் தொடர்பு கிடைக்கும் என்று நம்பியிராமல், யார் எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாளின் அட்டவணை

திருமலையில் நெடுநேரம் வரிசையில் நின்று தரிசனம் செய்த மறுநாளே தலகோனாவுக்குப் புறப்படுவது முதியோருக்கு ஏற்றதன்று. இடையில் ஒரு நாள் ஓய்வு வேண்டும். காலை 6 மணிக்குத் திருப்பதியிலிருந்து வாகனத்தில் கிளம்பினால், பாகராப்பேட்டை மலைப்பாதையைக் கடந்து, நெரபைலு கிராமத்தின் வழியாக இளவெயிலிலேயே தலகோனாவை அடைந்துவிடலாம். வளைவுகள் மிகுந்த பாதையாதலால் ஓட்டுநரை விரைவுபடுத்தலாகாது.

முதலில் சித்தேஸ்வரர் தரிசனம். அதன்பின் அங்கேயே அமர்ந்து சிற்றுண்டி அருந்தி, அரைமணி நேரம் இளைப்பாறலாம். அதற்கு அப்பால் அன்று எதுவரை வாகனம் செல்லலாம், எங்கிருந்து நடக்க வேண்டும் என்பதை அங்குள்ளோரிடம் கேட்டறிந்து, வெயில் ஏறும் முன் அருவியை நோக்கிச் செல்லலாம். நடுப்பகலுக்குள் கோயிலுக்குத் திரும்பிவிட வேண்டும். மாலை 3 மணிக்குள் வனத்தை விட்டு வெளியேறினால், வெளிச்சம் மறையும் முன் திருப்பதி வந்து சேரலாம்.

திரும்பும் இடம்

இத்திட்டத்தில் முதன்மையான வரி ஒன்று உண்டு. பெரும்பாலோர் அதனை எழுதுவதில்லை. எங்கே திரும்புவது என்பதே அது. நேரத்தால் ஓர் எல்லை: காலை 11 மணி ஆகிவிட்டால், அருவி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். உடலால் ஓர் எல்லை: மார்பில் அழுத்தமோ, தலைச்சுற்றலோ, பேச முடியாத மூச்சிரைப்போ ஏற்பட்டால் அங்கேயே அமர்ந்து, துணையுடன் மெல்லத் திரும்பி மருத்துவ உதவியை நாட வேண்டும். நீரால் ஓர் எல்லை: தெளிந்த ஓடை திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, நீரின் ஓசை கூடினாலோ, மேலே மழை பெய்கிறது என்று அறிந்து உடனே கரையேற வேண்டும். உடைமைகளை எடுக்கவும் நிற்கலாகாது.

இந்த எல்லைகளை வீட்டிலேயே தாளில் எழுதி அனைவரும் அறியுமாறு செய்துவிட்டால், அங்கே விவாதத்திற்கு இடமில்லை. 'இன்னும் நாலு அடிதானே' என்று பெரியவர் அடம்பிடிக்க வேண்டியதில்லை. 'அப்பாவைத் தடுத்துவிட்டோமே' என்று மகன் பிறகு வருந்தவும் வேண்டியதில்லை. வீட்டார் தமக்குள் முறை வைத்து, ஒருவர் எப்பொழுதும் பெரியவருடன் இருக்குமாறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். கோயிலோடு நின்றுவிடும் பெரியவர் காத்திருப்பவர் அல்லர். அவர் சந்நிதியில் ஜபம் செய்பவர். யாத்திரையின் ஒரு பகுதியை நிறைவேற்றுபவர். இந்த எண்ணம் குடும்பத்தில் அனைவருக்கும் இருந்தால், பெரியவர் தம் வலியை மறைக்க வேண்டிய அவசியமே எழாது.

ஏழு வகை நீராட்டு

அருவியில் நனையாமல் திரும்பினால் பலன் உண்டா என்று சிலர் மனம் கலங்குவர். ஸ்நானம் ஏழு வகை என்று சாத்திரங்கள் கூறுகின்றன. நீரில் மூழ்குவது வாருணம். அது ஏழில் ஒன்றுதான். மந்திரம் கூறி நீரைத் தெளித்துக்கொள்வது மாந்திரம். திருமண் போன்ற மண்ணைத் தரிப்பது பௌமம். திருநீறு பூசுவது ஆக்நேயம். பசுக்களின் குளம்புத்தூளி காற்றில் வந்து படிவது வாயவ்யம். வெயில் அடிக்கும்போதே பெய்யும் மழையில் நனைவது திவ்யம். இறைவனை உள்ளத்தில் தியானிப்பது மானசம். நோயுற்றோரையும் முதியோரையும் மனத்தில் கொண்டு முன்னோர் எவ்வளவு பரிவுடன் வழி வகுத்திருக்கின்றனர்! பேரன் செம்பில் கொண்டுவரும் அருவி நீரைச் சிரசில் புரோட்சணம் செய்துகொண்டு சித்தேஸ்வரரைத் தியானித்தால், நீராட்டில் குறை ஏதுமில்லை.

அதுவும் இயலாதோருக்குக் கபில தீர்த்தம் இருக்கிறது. திருப்பதி நகரிலேயே, சேஷாசலத்தின் அடிவாரத்தில், மலையிலிருந்து விழும் நீர் புஷ்கரணியில் வந்து சேரும் தலம் அது. கபில முனிவர் தவமியற்றிச் சிவபெருமானைக் கண்ட இடம் என்பது தலபுராணம். வைணவர்கள் அதனை ஆழ்வார் தீர்த்தம் என்றும் போற்றுவர். கார்த்திகை மாதத்தில் அங்கே நீராடுவது சிறப்பு. வாயில் வரை வாகனம் செல்லும். தலகோனாவில் விழுவதும் கபில தீர்த்தத்தில் விழுவதும் ஒரே மலைத்தொடரின் நீர். ஒன்று காட்டின் உள்ளே விழுகிறது. மற்றொன்று நடக்க இயலாதோரைத் தேடி வீதியருகே வந்து விழுகிறது.

குலசேகர ஆழ்வார் சேர நாட்டு அரசர். படையும் யானையும் பல்லக்கும் உடையவர். அவர் பெருமாள் திருமொழியில் வேங்கடத்தைக் குறித்து வேண்டியது யாது? அம்மலையின் சுனையில் மீனாகவும், காட்டாறாகவும், அடியார் நடக்கும் வழியாகவும், சந்நிதியின் படியாகவும் இருக்கும் பேற்றையே அவர் வேண்டினார். மலையிலிருந்து எதையும் எடுத்துச் செல்ல அவர் விரும்பவில்லை. அம்மலைக்கு உரியதாக ஆகிவிடவே விரும்பினார். அந்த மனத்தோடு செல்வோர் வனத்தில் ஒரு காகிதத்தையும் விட்டுவர மாட்டார்கள். ஓர் இலையையும் கிள்ளிவர மாட்டார்கள். வகுத்த எல்லையில் நின்று திரும்புவதைத் தோல்வியாகவும் கருத மாட்டார்கள்.

வரும் தை மாதத்திற்கு இன்றே ஒரு தாளை எடுத்து, நாளையும் நேரத்தையும் திரும்பும் இடத்தையும் குடும்பத்தோடு அமர்ந்து எழுதுங்கள். அந்தத் தாளை முதலில் பூசையறையில் வைத்து வணங்கிவிட்டுப் பிறகு வாகனத்திற்குச் சொல்லியனுப்புங்கள். சென்றவர் அனைவரும் நலமாக வீடு திரும்பி, விளக்கேற்றி, 'நல்லபடியாகப் போய்வந்தோம்' என்று சொல்லும்போதே யாத்திரை நிறைவுபெறுகிறது.